வண்டும் வராலும்

தூண்டில் தமிழர்க்குப் புதியதன்று. அகநானூற்றின் 36ஆம் பாடலில் நக்கீரர் ஒரு வரால் மீனைக் காட்டுகிறார். வளைந்த இரும்பில் கோத்த இரையை விழுங்கிய அம்மீன், ஆம்பல் இலை கிழியவும் குவளை மலர் சிதையவும் பாய்ந்து, கயிற்றுக்கு அடங்காத காளைபோலக் குளத்தைக் கலக்குகிறது.

இரை தேடும் மீனுக்குக் கண்ணும் துணை, மோப்பமும் துணை. ஆதலின் மீன்பிடிப்போர் இருவழி கண்டனர். ஒன்று மணத்தால் ஈர்த்தல். மற்றொன்று உருவத்தால் மயக்குதல். கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த உரோமானிய எழுத்தாளர் ஏலியன், மாசிடோனிய மீனவர் தூண்டில் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றிச் சேவல் இறகைச் சேர்த்துப் பூச்சிபோல் அமைத்ததை எழுதிவைத்தார். அவர்கள் பிடித்த புள்ளிமீன் டிரவுட் என்பர் அறிஞர்.

கோடையில் கரையோர மரங்களினின்று வண்டுகள் நீரில் விழும். டிரவுட் அவற்றைக் கவ்வும். இதனையறிந்த வேல்ஸ் நாட்டார் செந்நிற இறகும் மயிற்பீலி இழையும் கொண்டு பொய்வண்டு கட்டினர். வண்டின் மினுமினுப்புக்கு மயிலின் பீலியே கைகொடுத்தது. பண்ணையில் வளர்த்து நீரில் விடப்பட்ட டிரவுட்டோ, பூண்டு அல்லது பாலாடைக்கட்டி மணமூட்டிய மாவிரையை விரும்பும். ஆயினும் மணவிரையை மீன் ஆழ விழுங்கிவிடும்; பொய்வண்டு பெரும்பாலும் வாயோரத்திலேயே தைக்கும். சிறுமீனை உயிருடன் திரும்ப விடுவதற்கு இஃது உதவுவதால், மேலைநாடுகளின் பல ஓடைகளில் செயற்கைப் பூச்சிக்கு மட்டுமே இசைவுண்டு.

டிரவுட் தமிழகத்துக்கு வந்தேறிய மீன். 1860களில் பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர் அதனை நீலகிரிக்குக் கொணர முயன்றார்; அம்முயற்சி நிலைக்கவில்லை. எச். சி. வில்சன் 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பின்னரே வானவில் டிரவுட் அங்கு நிலைபெற்றது. அதற்கு முன்பே, 1873இல், சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் ‘தி ராட் இன் இந்தியா’ என்னும் நூலில் இந்நாட்டுத் தூண்டிற்கலையைப் பதிவு செய்துவிட்டார்.

பந்திங் வட்டாரத்தில் டிரவுட் வாழாது. அதற்குக் குளிர்நீர் வேண்டும். ஆனால் நக்கீரர் காட்டிய வரால், மலாய்மொழியில் ஹருவான் என்னும் பெயரோடு, இங்குள்ள வாய்க்கால்களிலும் செம்பனைத் தோட்டக் கால்வாய்களிலும் வாழ்கிறது. பால்மரம் சீவி ஓய்ந்த பிற்பகலில் தோட்டத் தமிழர் அதற்கு மண்புழுவும் சிறுதவளையும் கோத்தனர். இன்றைய இளைஞர் ரப்பரால் ஆன பொய்த்தவளையை வீசுகின்றனர். மாசிடோனியாவின் பொய்ப்பூச்சியும் பந்திங்கின் பொய்த்தவளையும் ஓரறிவின் இரு கிளைகளே.

வேறுபாடு ஒன்றுண்டு. துரைமாரின் அறிவு ஏடேறியது. தோட்டத்தாரின் அறிவோ பாட்டன் வாயிலிருந்து பேரன் செவிக்கு மட்டுமே சென்றது. தோட்டங்கள் கைமாறி, மக்கள் நகர்க் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தபின், கேட்கும் பேரன் அருகில் இல்லை. மாணவர் தம் தாத்தாவின் அருகே ஒரு மாலை அமர்ந்து, இரையின் பெயரையும் முள்ளின் வகையையும் மீன் கவ்வும் பொழுதையும் கேட்டு எழுதுவாராயின் அதுவும் வரலாறே. அகநானூற்றுப் பாடலும் வகுப்பறையில் உயிர்பெறும். வரால் இன்னும் வாய்க்காலில் இருக்கிறது. அதன் இரையறிந்த முதியோர்தாம் குறைந்து வருகின்றனர்.