குருமாரும் உபதேசிமாரும்

திருமலையில் பூந்தோட்டம் வளர்த்து, வேங்கடவனுக்கு மாலை தொடுத்தளித்த அனந்தாழ்வானைப் பற்றி வைணவ மரபு விரிவாகப் பேசுகின்றது. துறவியாகிய இராமாநுசர் விரும்பிய அப்பணியை இல்லறத்தாராகிய அவர் ஏற்றார். தோட்டத்திற்கென ஏரி வெட்டியபோது கருவுற்றிருந்த அவர் மனைவியாரும் மண் சுமந்தார் என்பர். துறவி வழிகாட்ட, இல்லறத்தார் தோள் கொடுக்க, ஒரு தொண்டு நிறைவேறுவது இந்நாட்டிற்குப் புதிதன்று. அம்மலைக்கு மேற்கே, பழைய சித்தூர் மாவட்டத்துப் புங்கனூரில், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேறொரு சமயத்தாரிடையே அத்தகைய கூட்டுத்தொண்டு ஒன்று நடைபெற்றது. அதன் வரலாற்றையே இங்கு நாம் நினைவுகூர விரும்புகிறோம்.

சயாம் நாட்டில் 1688-இல் நிகழ்ந்த புரட்சியின் காரணமாக அங்கிருந்து வெளியேறிய பிரெஞ்சுச் சேசு சபைத் துறவியர் சிலர் புதுச்சேரியை வந்தடைந்தனர். மதுரைப் பகுதியில் போர்த்துக்கேய அரசின் ஆதரவு பெற்ற சேசு சபையார் ஏற்கெனவே பணியாற்றி வந்தமையால், பிரெஞ்சுத் துறவியர் வடக்கிலும் மேற்கிலும் பரந்து கிடந்த தெலுங்கு நாட்டை நோக்கினர். 1701-இல் மோதுய் பாதிரியார் உள்நாட்டில் நெடும்பயணம் மேற்கொண்டார். அதன் பயனாகப் புங்கனூர் முதலிய ஊர்களில் சிறு சிறு கோயில்கள் எழுந்தன. கருநாடகப் பணி என்று வரலாற்றில் வழங்குவது இதுவே.

இத்துறவியர் 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி வகுத்த நெறியைப் பின்பற்றினர். காவியுடை உடுத்தனர், புலால் நீக்கினர், நாட்டு மொழிகளைக் கற்றனர். தம் அனுபவங்களை நெடிய கடிதங்களாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினர். பல நாடுகளிலிருந்து இவ்வாறு சென்ற கடிதங்கள் 1702 முதல் 1776 வரை 34 தொகுதிகளாகப் பாரிசில் அச்சேறின. அக்காலத்துத் தென்னாட்டின் நிலையை அறிய விழைவோர்க்கு அவை ஒரு கருவூலமாகும்.

அக்கடிதங்களை ஊன்றிப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். கடிதம் எழுதியவர் பாதிரியார். ஆயின் கடிதத்தில் நிகழும் செயல்களுள் பல, உபதேசியார் என்று அழைக்கப்பெற்ற இல்லறத்தாரின் செயல்களாகும். புதிய ஊர் ஒன்றை அணுகும்பொழுது முன்னே சென்று ஊர்த்தலைவரைக் கண்டு இடம் கேட்பவர் உபதேசியார். வந்திருக்கும் அந்நியர் யாவர், அவர் நோக்கம் யாது என்று ஊரார்க்கு விளக்குபவரும் அவரே. பாதிரியார் ஓராண்டில் ஒருமுறை வந்து சில நாள் தங்கிச் செல்வார். ஏனைய நாட்களில் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லுவதும், ஞானோபதேசம் கற்பிப்பதும், நோயாளிகளைக் காண்பதும், இறந்தோரை அடக்கம் செய்வதும், குடும்பப் பூசல்களைத் தீர்ப்பதும் உபதேசியாரின் பொறுப்பாயின. குரு இல்லாத இடத்தில் உயிர்போகும் நிலையிலுள்ளவர்க்கு எவரும் ஞானஸ்நானம் வழங்கலாம் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் விதி. அவ்விதியின்படி, மரணத்தறுவாயிலிருந்த குழந்தைகள் பலர்க்கு அச்சடங்கினைச் செய்தவர்களும் உபதேசிமாரே.

பூசை நிறைவேற்றுதலும் பாவசங்கீர்த்தனம் கேட்டலும் குருவுக்கே உரியவை. அவை இரண்டும் நீங்கலாக ஏனைய பணிகள் பெரும்பாலும் பகிர்ந்து கொள்ளப்பட்டன. விரல்விட்டு எண்ணத்தக்க துறவியரைக் கொண்டு அத்துணைப் பரந்த நிலப்பரப்பில் பணி நடத்த வேறு வழி இருந்ததில்லை.

இப்பதவியின் பெருமையை நன்குணர்ந்தவர் வீரமாமுனிவர். உபதேசிமார்க்கு வேதியர் என்னும் பெயரும் உண்டு. அவர்கள் கைக்கொள்ள வேண்டிய நெறிகளை விளக்கி அவர் இயற்றிய உரைநடை நூலே 'வேதியர் ஒழுக்கம்'. அது 1727-இல் எழுதப்பட்டது என்பர். தமிழ் உரைநடை வளர்ச்சியை ஆராய்வோர் அந்நூலைப் பெரிதும் பாராட்டுவர். ஆயின் அந்நூலின் பிறப்புக்குக் காரணமானவர்கள் ஊர் ஊராய்க் கால்நடையாகத் திரிந்த எளிய இல்லறத்தார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் தனியொரு கருத்து உண்டு. தமிழும் தெலுங்கும் ஒரே சந்தையில் கலந்து ஒலிக்கும் நிலம் சித்தூர்ச் சீமை. அங்கு ஓர் ஐரோப்பியத் துறவி பேசிய சொல்லை, கேட்போர் மனம் கொள்ளும் சொல்லாக மாற்றியவர் உபதேசியார். எச்சொல் மக்களைப் புண்படுத்தும், எச்சொல் தவறான பொருள் தரும் என்று துறவிக்கு எடுத்துரைக்க வல்லவரும் அவரே. மொழிபெயர்ப்பவன் பெயர் பெரும்பாலும் ஏட்டில் ஏறுவதில்லை. உபதேசியார்க்கு நேர்ந்ததும் அதுவே. கடிதங்களில் அவர்கள் பெரும்பாலும் 'என் உபதேசி' என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றனர்.

இக்கூட்டுறவில் குறைகளே இல்லை என்று கூறுதல் வரலாறு ஆகாது. உபதேசியார் துறவியரிடம் சிறு ஊதியம் பெற்றார். அவரை அமர்த்துவதும் நீக்குவதும் துறவியரின் உரிமையாயிருந்தன. ஆகவே பணியில் பங்கு இருந்தது. அதிகாரத்தில் பங்கு இல்லை. சாதிப் பிரிவினையும் இப்பணியினுள் நுழைந்தது. அந்தந்தச் சாதியார்க்கு அந்தந்தச் சாதியினரே உபதேசியாராயினர். நாட்டு வழக்கங்களில் எவற்றை ஏற்கலாம் என்ற பூசல் மூண்டு, போப்பாண்டவரின் தூதர் தூர்னோன் 1704-இல் புதுச்சேரியில் ஆணை பிறப்பித்தார். 1744-இல் பதினான்காம் பெனெடிக்ட் அதற்கு முடிவு கூறியபோதும், ஒடுக்கப்பட்ட மக்களுக்கெனத் தனிக் குருமார் என்ற ஏற்பாடே கிடைத்தது. சமத்துவத்தைப் போதித்த பணி தன் முற்றத்திலேயே அதனை நிலைநாட்டத் தவறியது என்பதை மறைத்தல் தகாது.

ஆயினும் துன்பம் வந்தபோது பங்கு குறையவில்லை. 1686-இல் மறவர் நாட்டில் அருளானந்தர் சிறைப்பட்டபோது அவருடைய உபதேசிமாரும் உடன் வதைக்கப்பட்டனர். அவர் 1693-இல் ஓரியூரில் உயிர் துறந்ததை உலகம் அறியும். உடன் அடிபட்டவர்களை அறிவார் சிலரே. திருவிதாங்கூரில், 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் தெ லனாய், தம் துயரங்களுக்கிடையே இருந்த நீலகண்ட பிள்ளைக்குத் தம் சமயத்தை எடுத்துரைத்தார். தெ லனாயும் துறவியல்லர், பிள்ளையும் துறவியல்லர். 1745-இல் வடக்கன்குளத்துச் சேசு சபைக் குருவிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயமான அவர், 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுடப்பட்டு மாண்டார். 2022 மே 15-ஆம் நாள் உரோமையில் அவர் புனிதராக அறிவிக்கப்பெற்றார். இந்திய இல்லறத்தாருள் அப்பெருமை பெற்ற முதல்வர் அவரே.

புங்கனூர்ப் பணியின் உண்மையான சோதனை 1773-இல் நேர்ந்தது. அவ்வாண்டு போப்பாண்டவர் சேசு சபையையே கலைத்துவிட்டார். 1776-இல் பாரிசு வேதபோதகர் சபையார் இப்பணியை ஏற்றனராயினும், அவர்கள் மிகச் சிலரே. 1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பு; 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி; ஐரோப்பாவிலிருந்து குருமார் வருவது அருகியது. 1838-இல் சேசு சபையார் மீண்டும் மதுரைப் பகுதிக்குத் திரும்பும் வரை, ஏறத்தாழ இரண்டு தலைமுறைக் காலம், தென்னாட்டில் எத்தனையோ கிராமங்கள் ஆண்டுக்கணக்கில் குருவைக் காணாதிருந்தன. அக்காலத்தில் செபங்களை மறவாது காத்தவர்கள் உபதேசிமாரும், பிள்ளைகளுக்கு அவற்றைக் கற்பித்த தாய்மாருமே. பஞ்சத்தாலும் போராலும் வடக்கே குண்டூர்ப் பகுதிக்குக் குடிபெயர்ந்த தெலுங்குக் குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு தம் சமயத்தையும் சுமந்து சென்றன. குரு சென்ற பின்னரும் மக்கள் நின்றனர் எனின், விதைத்தவர் ஒருவர் மட்டுமல்லர் என்பது தெளிவு.

அப்பகுதி 1928-இல் அமைக்கப்பெற்ற நெல்லூர் மறைமாவட்டத்தில் சேர்ந்தது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், இல்லறத்தார்க்கும் திருச்சபையின் பணியில் உரிமையான பங்கு உண்டு என்று தனி ஆவணம் வாயிலாக அறிவித்தது. உலகம் அதனைப் புதுமை என வரவேற்றது. ஆனால் பங்கு கேட்கும் முன்னரே பணியைச் செய்து முடித்தவர்கள் நம் ஊர்களில் இருந்தனர். எட்டாத உரிமையே ஏட்டில் பின்னர் ஏறிற்று.

வரலாற்றை எழுதுவோர் கையெழுத்து இட்டவரை மட்டும் நோக்குதல் எளிது. கடிதத்தைச் சுமந்து நடந்தவரையும் நோக்குதல் நேர்மை. புங்கனூரின் பழங்கோயில்களைப் பற்றிப் பேசும்பொழுது, அவற்றின் வாயிலில் நின்று வருவோர்க்கு வழி சொன்ன அப்பெயரறியா மனிதர்களையும் நாம் நன்றியோடு எண்ணிப் பார்ப்போமாக.