யார் விலகுவார்கள் என்ற பயம்?

விவாகரத்து ஆகி மறுமணம் செய்துகொண்ட கத்தோலிக்கர் நற்கருணை வாங்கலாமா? 2014 பிப்ரவரியில் ஜெர்மானியக் கர்தினால் வால்டர் காஸ்பர் உரோமையில் இந்தக் கேள்வியை எழுப்பினார். 2014, 2015 ஆயர் மாமன்றங்கள் இதில் இரண்டுபட்டன. ஜெர்மானிய ஆயர்கள் இரக்கம் பேசுவதே வரிப்பணத்துக்காகத்தான் என்றார்கள் எதிர்த்தரப்பினர்.

அது என்ன வரி? ஜெர்மனியில் கத்தோலிக்கராகப் பதிவானவர் கட்டும் வருமான வரியின் மேல் 8 அல்லது 9 விழுக்காட்டைத் திருச்சபை வரியாக அரசே வசூலித்துக் கொடுக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபைக்கு மட்டும் ஆண்டுக்கு 500 கோடி யூரோவுக்கு மேல் வருகிறது. பதிவிலிருந்து விலகினால் வரி கட்ட வேண்டாம். ஆனால் அப்படி விலகியவருக்கு நற்கருணை கிடையாது என்று 2012 செப்டம்பரில் ஆயர்கள் ஆணையிட்டார்கள். ஆயர்களின் மனதுக்குள் என்ன இருந்தது என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மறுமணம் பற்றி ஆண்டுக்கணக்கில் விவாதம் நடக்கிறது, வரிக்கு ஒரே ஆணை போதுமானதாக இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனித்தால் போதும்.

இந்தக் கணக்கு நம் புதுச்சேரிக்கும் பழையது. நோயுற்ற பறையர்களின் வீட்டுக்கே போய் அருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்று, திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 1704இல் இங்கிருந்துதான் ஆணையிட்டார். இயேசு சபையார் மறுத்தார்கள். சேரிக்குள் போனால் மேல்சாதியார் விலகிவிடுவார்கள் என்பது அவர்கள் வாதம். மேல்சாதியார் என்றால் யார்? கும்பினியின் தலைமைத் துபாசி கனகராய முதலியாரைப் போன்றவர்கள். ஒழுகரையில் தேவாலயம் கட்டித்தரும் அளவுக்கு வசதி படைத்தவர் அவர். நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1744இல் உரோமை ஒரு சமரசம் கண்டது: பறையர்களுக்கென்று தனிக் குருக்கள்.

மறு ஆண்டே, 1745இல், நம் மக்கள் பதில் சொன்னார்கள். தேவாலயத்துக்குள் தங்களைப் பிரித்து நின்ற சுவர் எதற்கு என்று சேரிக் கிறித்தவர்கள் குருவிடம் நேரில் கேட்டதையும், சுவர் இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவர் கிறித்தவரும் அல்லர், நம் பக்கத்தவரும் அல்லர். அதனாலேயே அது வலுவான சாட்சி.

இரண்டு வரலாற்றிலும் ஒரே பயம்தான் பேசுகிறது: கொடுப்பவர் விலகிவிடுவாரோ! சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் விலகிப் போவார்களே என்று யாரும் பதறியதாகத் தெரியவில்லை.

மறுமணம் செய்தவர்களின் ஏக்கம் உண்மையானது. அவர்களில் நம் பெண்களும் இருக்கிறார்கள். முதல் திருமணம் செல்லாது என்று தீர்ப்பு வாங்க மறைமாவட்ட நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும். முதலியார்பேட்டையில் வீட்டுவேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு ஒவ்வொரு அலைச்சலும் ஒரு நாள் கூலி. 2015 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் இந்த நடைமுறையை எளிதாக்கி, இயன்றவரை கட்டணமில்லாமல் நடத்தச் சொன்னார். அது நம் பங்குகளில் நடக்கிறதா என்று கேட்பது நம் வேலை.

தோழர்களே, இரக்கம், மரபு என்று யார் பேசினாலும் ஒன்றைக் கேளுங்கள்: யார் விலகுவார்கள் என்று பயப்படுகிறீர்கள்?