ஓய்வுப் பொழுதில் எழுந்த வீடுகள்

மிளகும் கம்பீர்ச் செடியும் விளைந்த மலாயாவின் ஜோகூர் மண்ணில் கித்தா என்னும் ரப்பர் மரம் வேரூன்றி, 1909-ல் கிம்மாஸிலிருந்து ஜோகூர் பாரு வரை இரயில் பாதை முடிந்து, சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் முதலிய பிரதேசங்களில் காடு அழிந்து தோட்டங்கள் தோன்றிய காலத்திலே, ஆள் திரட்டிய கங்காணிகளின் பின்னே கப்பலேறி வந்த தமிழர்களுக்கு நிர்வாகம் அளித்த வாசஸ்தலத்துக்கு லயம் என்று பெயர். நீண்ட மரக் கட்டடத்தைப் பலகையால் தடுத்து, அறைக்கு ஒரு குடும்பமாகக் குடியேற்றுவார்கள். அந்த அறையை வீடாக்கியவர் யார், எந்தப் பொழுதில் ஆக்கினார் என்பது தோட்டத்துக் கணக்கேடுகளில் இராது. அந்த வேலைக்குத்தான் சம்பளம் கிடையாதே.

பால்வெட்டுத் தொழிலின் இயல்பே அந்தப் பொழுதை வகுத்துக் கொடுத்தது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்குக்கு நின்று, நிரையில் மரம் மரமாகக் கத்தி வைத்து, பால் ஓட்டம் அடங்கியபின் மங்கு என்னும் கிண்ணங்களில் சேர்ந்ததை வாளியில் ஊற்றிக் கொட்டகையில் நிறுத்துக் கொடுத்து வந்தால், நடுப்பகலுக்கு மேல் சிறிது அவகாசம் கிடைக்கும். மழையில் பட்டை நனைந்துவிட்டாலோ அன்றைக்கு வெட்டும் இல்லை, கூலியும் இல்லை. கூலியற்ற அந்த நாட்களிலேதான் நம்மவர்கள் சுத்தியலையும் ஆணியையும் கையில் எடுத்தார்கள்.

எல்லாவற்றுக்கும் கெடு தீபாவளி. ஐப்பசி பிறப்பதற்குள், மண்ணெண்ணெய்த் தகரத்தைப் பிளந்து தட்டிச் சமமாக்கிக் கூரையின் ஒழுக்கை அடைப்பார்கள். பின்புறம் அத்தாப்பு ஓலை வேய்ந்து அடுப்படியைச் சற்று நீட்டுவார்கள். மரவள்ளி மாவைக் காய்ச்சிய பசையைப் பலகை இடுக்குகளின்மேல் தடவிப் பெண்கள் பத்திரிகைத் தாள்களை ஒட்டுவார்கள். 1924-ல் தோன்றிய தமிழ் நேசனும், 1935-ல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் பலர் கைமாறிப் படிக்கப்பட்ட பின் இவ்வாறு சுவரேறின; பழைய தாளின்மேல் ஆண்டுதோறும் புதுத்தாள் ஏறியது. பலகைக்கு, நீலம் சிறிது கலந்த சுண்ணாம்பைத் தேங்காய் மட்டையால் அடிப்பார்கள். கடைசியில் வாசலைச் சாணமிட்டு மெழுகிக் கோலம் போட்டால்தான் வேலை முடிந்ததாகக் கொள்வார்கள். முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்து, மாட்டுக்கு ஒரு கொட்டிலும் கட்டிவிட்ட குடும்பம், தன்னை அந்த இடத்துக்குரியதாகவே எண்ணியதில் வியப்பென்ன?

ஆனால் அவர்களுடைய பிரயாசைக்குச் சட்டத்தில் யாதொரு பாத்தியதையும் இருந்ததில்லை. வேலை போனால் வீடும் போயிற்று. ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண இரயில் பாதைக்கு ஆட்களை வாரிக்கொண்டு போனபோது எத்தனையோ வீடுகள் ஆளில்லாமற் கிடந்தன. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை எதிர்த்து 1948-ல் பிறந்த அவசரகாலத்தில், அதிலும் மக்களை ஒன்றுகூட்டிக் குடியமர்த்த வகுத்த 1950-ன் பிரிக்ஸ் திட்டத்துக்குப் பிறகு, சிதறிக் கிடந்த லயங்களைக் கூட்டி முள்வேலிக்குள் அடைத்தபோது, நட்ட மரத்தையும் கட்டிய அடுப்படியையும் விட்டுவிட்டு வந்தவர்கள் வேலிக்குள்ளே மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

1955-ன் வேலைச் சட்டம் வாரத்தில் ஒரு நாள் ஓய்வை உரிமையாக்கிற்று. 1966-ல் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த சட்டமும் வந்தது. இவை நல்ல காரியங்களே. எனினும் குடியிருப்பு முதலாளியின் சொத்தாகவே நீடித்ததால், தொழிலாளி தன் கையால் சேர்த்தது அவனுடையதாகவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விலைபோன நாட்களில் இந்த அநீதியைக் கண்கூடாகக் கண்டவர் மலேசிய இந்தியர் தலைவர் வீ. தி. சம்பந்தன். தொழிலாளரே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்ட அவரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பிறகு கித்தா இருந்த இடத்தில் செம்பனை வந்தது. 1977-ல் பாசிர் கூடாங் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. தோட்டத்துப் பிள்ளைகள் ஆலைகளுக்கும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். மாசாயிலும் ஸ்கூடாயிலும் தாமான் என்னும் குடியிருப்புப் பேட்டைகளில் வீடுகளைக் கடனுக்கு வாங்கிய அவர்கள், தீபாவளி விடுமுறையில் தாங்களே சாயம் அடித்தார்கள். பின்கட்டை நீட்டி அடுப்படியைப் பெரிதாக்கினார்கள். அந்த நீட்டிப்புக்கு நகராட்சியில் அனுமதி கேட்டு எழுதிய மனுவில், வீட்டின் உரிமையாளர் என்ற இடத்தில் அவர்கள் பெயர் இருந்தது.