ஒரே ஒரு பிட்டுக்கு ஏன் இத்தனை கெடுபிடி? லினக்ஸ் கெர்னலின் இடநெருக்கடி

தாதரில் சாளுக்கியா எக்ஸ்பிரஸ் பிடிக்க ஓடியவர்களுக்கு அந்தக் குழப்பம் தெரியும். மேற்கு ரயில்வேக்கு ஒரு 1ஆம் பிளாட்ஃபாரம், மத்திய ரயில்வேக்கு இன்னொரு 1ஆம் பிளாட்ஃபாரம். 2023 டிசம்பரில் மத்திய ரயில்வே பக்கத்துக்கு 8 முதல் 14 வரை எண் கொடுத்தார்கள். போர்டை மாற்றினால் போதும், எண்ணுக்கா பஞ்சம்?

உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடும் லினக்ஸ் கெர்னலில் நிஜமாகவே பஞ்சம்தான்.

கெர்னல் மெமரியைப் பெரும்பாலும் 4 கேபி துண்டுகளாகப் பிரிக்கிறது. ஒரு துண்டுக்குப் பெயர் பேஜ். இது பூட்டியிருக்கிறதா, மாற்றிய தகவல் இன்னும் டிஸ்க்குக்குப் போகவில்லையா என்று ஒவ்வொரு பேஜுக்கும் ஆம்/இல்லை குறிப்புகள் உண்டு. ஒரு குறிப்புக்கு ஒரு பிட், அதுதான் ஃப்ளாக். 32-பிட் சிப்பில் மொத்தமே 32 இடம். அதிலும் பேஜ் எந்த ஸோனைச் சேர்ந்தது போன்ற விவரங்கள் பங்கு கேட்கும்.

இடத்தைப் பெரிதாக்கிவிடலாமே? கணக்குப் போடுவோம். 8 ஜிபி போனில் சுமார் 21 லட்சம் பேஜ்கள். பேஜுக்கு 64 பைட் என்று இந்தப் பதிவேட்டுக்கே இப்போது 128 எம்பி போகிறது. இன்னும் 8 பைட் சேர்த்தால் கூடுதலாக 16 எம்பி. அத்தனையும் ஒரு ஆம்/இல்லைக்காக!

அதனால்தான் புது ஃப்ளாக் கேட்டு வருபவரிடம், 'இருக்கிற பிட்டை வைத்தே சமாளிக்க முடியாதா?' என்று கேட்கிறார்கள். சில பிட்கள் இடத்துக்கேற்ப இரட்டை வேலை பார்க்கின்றன. கெர்னல் தன் சொந்தச் சிறு தேவைகளுக்கு எடுத்துக்கொண்ட பேஜ்களைக் காட்டிய 'ஸ்லாப்' பிட், 2024இல் விடுவிக்கப்பட்டது. அந்தத் தகவல் வேறொரு ஃபீல்டுக்குக் குடிபோனது. பழைய வீட்டைக் காலி செய்த மாதிரிதான்.

புரோகிராம்களின் மெமரிப் பகுதிகளுக்கும் தனியாக ஃப்ளாக்குகள் உண்டு. அங்கேயும் இதே நெருக்கடி. 2024 ஜூலையில் வெளியான லினக்ஸ் 6.10 'எம்சீல்' என்ற பாதுகாப்பு வசதியைக் கொண்டுவந்தது. ஒரு பகுதிக்குச் சீல் வைத்துவிட்டால், ஹேக்கர் உள்ளே நுழைந்தாலும் அதன் அனுமதிகளை மாற்றவோ அதை நீக்கவோ முடியாது. குரோம் பிரவுசருக்காக யோசித்த விஷயம் இது. 'சீல் வைத்தாச்சு' என்று குறிக்க ஒரு பிட் வேண்டுமே! 64-பிட் கெர்னலில் கடைசி பிட்டைக் கொடுத்தார்கள். 32-பிட்டில் கொடுக்க எதுவும் மிச்சமில்லை. ஆகவே பழைய 32-பிட் சிப் உள்ள ரவுட்டரில் கெர்னலை 6.10க்கு அப்டேட் செய்தாலும், இந்தப் பூட்டு மட்டும் வராது.