ஸினான் வைத்த தேர்வும் நம் வீட்டுப் பெரியோரும்

திருநின்றவூரில் வாழும் நண்பர் ஒருவர் ஒரு மாலை நம்மைத் தேடி வந்தார். அவருடைய அத்தா ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர், நீரிழிவு உள்ளவர், பக்கவாதத்தால் வலப்புறம் செயலிழந்து படுக்கையில் இருந்தார். நண்பரும் மனைவியும் அதிகாலை மின்ரயிலில் சென்னைக்குச் சென்று இரவில் திரும்புகிறவர்கள். ஆகவே வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றை அணுகினர். 'நர்ஸ்' என்று சொல்லி ஓர் இளம்பெண்ணை அனுப்பினார்கள். நான்காம் நாள், பெரியவர் காலைப் பசியாற மறுத்த வேளையில், அப்பெண் வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டுவிட்டாள். சற்று நேரத்தில் அவர் உடல் வியர்த்து நினைவிழந்தார். அண்டை வீட்டார் மருத்துவமனைக்கு விரைந்ததால் உயிர் தப்பினார். விசாரித்தபோதுதான் தெரிந்தது, அப்பெண் நர்ஸ் அல்லள்; சில வாரங்கள் மட்டுமே பயிற்சி பெற்ற பணிப்பெண்.

"ஹஜ்ரத், எல்லா ஏஜென்சிக்காரர்களும் 'பயிற்சி பெற்றவர்கள்' என்றுதான் சொல்கிறார்கள். யாரை நம்புவது? ஆள் வைப்பதே பாவமோ என்றுகூட அம்மா அழுகிறார்" என்றார் நண்பர்.

இரண்டும் தக்க வினாக்கள். இரண்டுக்கும் நம் வரலாற்றில் விடை உண்டு. அவருக்குச் சொன்னவற்றையே வாசகர்களுக்கும் ஈண்டு சொல்ல விழைகிறோம்.

பள்ளிவாசலில் ஒரு கூடாரம்

ஹிஜ்ரீ 5 ஆம் ஆண்டில் அகழ்ப்போர் நடைபெற்றது. அப்போரில் ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு தைத்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அத்தோழரைத் தம் பள்ளிவாசலிலேயே அமைந்திருந்த ஒரு கூடாரத்தில் கிடத்தச் செய்தார்கள். அது காயம்பட்டோருக்குப் பணிவிடை செய்வதில் தேர்ந்த ருஃபைதா (ரலி) என்னும் அஸ்லம் குலப் பெண்மணியின் கூடாரம். தோழரை அங்கு வைத்ததற்குக் காரணமும் வரலாற்றில் பதிவாகியுள்ளது: அருகிலிருந்து அவரை நலம் விசாரிக்க வேண்டும் என்பதே அது.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் உள்ளன. நோயாளியின் பணிவிடையைத் தேர்ந்த கைகளில் ஒப்படைப்பது அன்பின் குறைவன்று. ஆனால் ஒப்படைத்தபின் விலகிவிடுவது நபிவழியன்று. பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23 ஆம் வசனம் முதுமையடைந்த பெற்றோரைப் பற்றிப் பேசுகையில், சலிப்பின் சிறு ஒலியைக்கூடத் தடுக்கிறது. அக்கடமை கூலிக்கு மாற்றித் தரத்தக்கதன்று. ஆயினும் குளிப்பாட்டவும், புரட்டிப் படுக்க வைக்கவும், புண்ணுக்குக் கட்டுப்போடவும் பிறரைத் துணை கொள்வதற்கு அவ்வசனம் தடையாகாது.

பக்தாதில் நடந்த தேர்வு

இனி முதல் வினாவுக்கு வருவோம்: யாரை நம்புவது?

ஹிஜ்ரீ 319, அதாவது கி.பி. 931 ஆம் ஆண்டு. பக்தாதில் ஒரு மருத்துவரின் பிழையால் ஒருவர் இறந்துவிட்டார் என்ற செய்தி கலீஃபா முக்ததிருக்கு எட்டியது. தேர்வில் தேறாத எவரும் இனி மருத்துவம் பார்க்கலாகாது என்று அவர் ஆணையிட்டார். தேர்வு நடத்தும் பொறுப்பு தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித்திடம் அளிக்கப்பட்டது. இவர் கணித மேதை ஸாபித் இப்னு குர்ராவின் மகன். நகரின் இரு கரைகளிலும் தேர்வுக்கு வந்தோர் 860 பேருக்கு மேல் என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். புகழ்பெற்ற மருத்துவர்களும் அரசவை மருத்துவர்களும் இக்கணக்கில் சேரார். இத்தேர்வை நடத்தியபோது ஸினான் முஸ்லிம் அல்லர், ஸாபியீன் சமயத்தவர். கலீஃபா அவரிடம் நாடியது அறிவையும் நேர்மையையுமே.

தேர்வுக்கு வந்தவர்களுள் முதியவர் ஒருவரும் இருந்தார். அழகிய உடையும் கண்ணியமான தோற்றமும் கண்ட ஸினான் அவரை மதித்து அமரச் செய்து, பிறரையெல்லாம் அனுப்பியபின், "பெரியவரே, தாங்கள் யாரிடம் பயின்றீர்கள்?" என்று வினவினார். முதியவர் சட்டைக் கையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். உள்ளே தங்க தீனார்கள்! தமக்கு நன்றாக எழுதப் படிக்கத் தெரியாது என்றும், குடும்பத்தின் பிழைப்பு இத்தொழிலில்தான் நடக்கிறது என்றும், அதைத் தடுத்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். ஸினான் சிரித்தார். பிறகு ஒரு நிபந்தனை விதித்தார்: அறியாத நோயில் கை வைக்கக் கூடாது, எளிய நோய்களுக்கன்றி இரத்தம் எடுக்கவோ பேதிக்குக் கொடுக்கவோ கூடாது. "என் வழக்கமே அதுதான். சிகஞ்சபீனையும் ஜுலாபையும் நான் ஒருநாளும் தாண்டியதில்லை" என்றார் முதியவர். முன்னது தேனும் காடியும் சேர்ந்த பானம். பின்னது இனிப்புப் பானகம். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். தந்தையிடம் பயின்றதாகச் சொன்னார். தந்தை யாரென்று கேட்டால், நேற்று வந்த அப்பெரியவரே! "தந்தையின் வழியைத் தாண்டிவிடாதே" என்று சொல்லி அவரையும் அனுப்பினார் ஸினான்.

இதைப் பலரும் நகைச்சுவைக்காகச் சொல்வர். நாம் இதில் ஒரு பெரும் விதியைக் காண்கிறோம். ஸினான் எல்லாரையும் பேரறிஞராக்க முயலவில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லையைக் குறித்தார். தன் எல்லையை அறிந்த சிற்றறிவினர் ஊருக்குத் தீங்கு செய்வதில்லை. தீங்கு வருவது எல்லையைக் கடந்தவராலும், கடக்கச் சொல்லி அனுப்பியவராலுமே. திருநின்றவூர் வீட்டுக்கு வந்த அப்பெண் தீயவள் அல்லள். பெரியவரைக் குளிப்பாட்டி உணவூட்டுவதில் அவள் குறை வைக்கவில்லை என்று நண்பரே சொன்னார். அவளுக்குத் தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லி அனுப்பியதே குற்றம்.

பிற்காலத்தில் இத்தகைய கண்காணிப்பு முஹ்தஸிப் என்னும் சந்தைக் கண்காணிப்பாளரிடமும் சேர்ந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷைஸரீ இவர்களுக்கென எழுதிய கைந்நூலில், எடைக்கற்களைச் சோதிப்பதோடு கண் மருத்துவரையும் இரத்தம் எடுப்பவரையும் சோதிக்கும் முறையும் கூறப்பட்டுள்ளது. இரத்தம் எடுக்கப் பழகுவோர் முதலில் கீரையிலையின் நரம்புகளில் பழகட்டும் என்கிறார் அவர். மனித உடலில் பழகாதே என்பது அதன் பொருள்.

வீடு தேடிச் சென்ற மருந்து

மம்லூக் சுல்தான் கலாவூன் கி.பி. 1284 இல் கெய்ரோவில் மன்ஸூரீ மருத்துவமனையை நிறுவி, அதற்குப் பெரும் வக்ஃபுச் சொத்துகளை எழுதி வைத்தார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கூடங்களும் பணியாளர்களும் அமைந்தன. அதனினும் வியப்பு ஒன்று உண்டு. மருத்துவமனைக்கு வராமல் வீட்டிலேயே கிடந்த நோயாளிகளுக்கும் மருந்தும் பானமும் உணவும் அதே வக்ஃபிலிருந்து சென்றன. ஹிஜ்ரீ எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மருத்துவமனையின் நிர்வாகத்தில் இருந்த அறிஞர் நுவைரீ, தம் காலத்தில் இவ்வாறு வீட்டிலிருந்து பயன்பெற்றோர் இருநூறு பேருக்கு மேல் என்று எழுதியுள்ளார். ஆகவே வீட்டு வைத்தியப் பணிவிடை என்பது நேற்று முளைத்த வாணிகமன்று. அன்று அது தருமமாக நடந்தது. கணக்குக் கேட்க ஒரு நாழிர் இருந்தார். இன்று பெரும்பாலும் கட்டணத்துக்கு நடக்கிறது. கணக்குக் கேட்க வேண்டியவர் மகனும் மகளுமே.

நம் நாட்டில்

சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் தொடக்கம் 1664. செவிலியரையும் தாதியரையும் பதிவு செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1926 இல் வந்தது. இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947 இல். முதியோருக்கெனத் தனி மருத்துவப் பிரிவு 1978 இல் சென்னைப் பொது மருத்துவமனையில் புறநோயாளர் பிரிவாகத் தொடங்கியது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 இல் திறக்கப்பட்டது.

1960களில் ஆவடியிலும் அம்பத்தூரிலும் தொழிற்சாலைகள் எழுந்தபோது வெளியூர்களிலிருந்து இளைஞர் பலர் வந்து, ரயில் பாதையை ஒட்டிய பட்டாபிராம், திருநின்றவூர் போன்ற ஊர்களில் மனை வாங்கி வீடு கட்டினர். கூட்டுக் குடும்பம் சொந்த ஊரில் நின்றுவிட்டது. அவ்விளைஞர்களே இன்றைய முதியவர்கள். அவர்களின் பிள்ளைகள் தொலைவில் வேலை செய்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் ஏஜென்சி நுழைந்தது.

இன்றைய முஹ்தஸிப்

செவிலியர் என்று சொல்லி வருபவருக்குத் தமிழ்நாட்டுச் செவிலியர் குழுமத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். பணிப்பெண்ணாகவோ அட்டெண்டராகவோ வருபவருக்கு அப்பதிவு கிடையாது. எனவே முதலில் கேட்க வேண்டியது, "வருபவர் நர்ஸா, அட்டெண்டரா?" என்பதே. நர்ஸ் என்றால் பதிவுச் சான்றைப் பார்க்க வேண்டும். அட்டெண்டர் என்றால் குளிப்பாட்டுதல், உணவூட்டல், இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல் ஆகியவற்றோடு நிறுத்த வேண்டும். ஊசியும், சிறுநீர்க்குழாய் மாற்றுதலும், மூக்குக் குழாய் பொருத்துதலும் அவருடைய எல்லைக்கு அப்பாற்பட்டவை. இதுவே ஸினானின் நிபந்தனை.

அடுத்தது ஒப்பந்தம். ஃபிக்ஹு நூல்களில் இஜாரா என்னும் கூலி ஒப்பந்தத்துக்கு வேலையும், காலமும், கூலியும் தெளிவாக இருத்தல் வேண்டும். அதே மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பன்னிரண்டு மணி நேரமா, இருபத்துநான்கு மணி நேரமா? முன்பணம் திரும்புமா? ஆள் வராத நாளில் மாற்றாள் எத்தனை மணிக்குள் வருவார்? மழைக்காலத்தில் ஏரியோரத் தெருக்களில் நீர் தேங்கி ரயிலும் தாமதிக்கும்போது, இரவு ஆளை விடுவிக்கக் காலை ஆள் எப்படி வருவார்? நாம் கொடுக்கும் தொகையில் பணியாளர் கைக்குச் செல்வது எவ்வளவு? இக்கடைசி வினாவைக் கேட்க நாணக் கூடாது. உழைத்தவரின் கூலியைத் தாமதியாமல் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம். இரவெல்லாம் விழித்திருப்பவருக்கு உறங்கும் நேரமும் உணவும் விடுப்பும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். அவருக்கும் ஊரில் ஒரு முதிய தாய் இருக்கக் கூடும்.

ஆளின் ஆதார் நகலும் காவல்துறைச் சரிபார்ப்பும் கேட்பது அவமதிப்பாகாது. ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் பணிவிடை செய்யக் கேட்பது நம் உரிமை. முஸ்லிம் அல்லாத பணியாளர் ஒளூவுக்கு நீர் ஊற்றி உதவுவதில் தடையில்லை. தொழுகை நேரத்தையும், அசுத்தம் நீக்கும் முறையையும் அன்போடு சொல்லிக் கொடுத்தால் போதும்.

பணம் கட்டுமுன் அறிய வேண்டியது மற்றொன்று உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டத்தில் நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகள் வீட்டுக்கே வருகின்றன; இயன்முறைச் சிகிச்சையும், படுக்கையில் இருப்போருக்கான நோய்த்தணிப்புப் பராமரிப்பும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். முதியோர் உதவிக்கென 14567 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு.

நண்பர் இப்போது வேறோர் ஏஜென்சியிலிருந்து ஓர் ஆண் அட்டெண்டரைப் பகலுக்கு மட்டும் வைத்திருக்கிறார். அவர் அத்தாவைத் தூய்மைப்படுத்துகிறார், புரட்டுகிறார், உணவூட்டுகிறார். சிறுநீர்க்குழாயை மாற்றப் பதிவு பெற்ற செவிலியர் ஒருவர் வந்து போகிறார். இன்சுலின் ஊசியை நண்பரே மருத்துவரிடம் கற்றுக்கொண்டார். ஃபஜ்ருக்குப் பின் இரத்தச் சர்க்கரையைப் பார்த்து, அத்தா உண்ணத் தொடங்கிய பிறகே ஊசி போட்டுவிட்டு ரயிலுக்குப் புறப்படுகிறார். அந்த அரைமணி நேரம் தந்தையும் மகனும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவ்வளவு நேரம் தாங்கள் பேசியதே இல்லை என்றார் நண்பர்.

நம் பெற்றோரின் முதுமையில் அவர்களுக்கு உரிய பணிவிடையைச் செய்யவும், செய்வோரை நீதியோடு நடத்தவும் அல்லாஹ் நமக்குத் துணைபுரிவானாக. ஆமீன்.