வேட்டையாளரும் விவசாயிகளும்: இலங்கையில் வனவிலங்குப் பாதுகாப்பின் சமூக வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

இலங்கையில் வனவிலங்குப் பாதுகாப்பு வளர்ந்தவாற்றினை எழுதுவோர், அதனை இயற்கைமீது பற்றுக்கொண்ட தனிமனிதர் சிலரின் நற்பணியாகவே பெரும்பாலும் சித்திரித்து வந்துள்ளனர். மன்னர் காலத்துச் சரணாலயங்களிலிருந்து நேரே தேசிய பூங்காக்களுக்கு வந்துசேரும் இத்தகைய எழுத்துக்களில் அடிப்படையான வினாவொன்று எழுப்பப்படுவதில்லை. காடு யாரிடமிருந்து, யாருக்காகப் பாதுகாக்கப்பட்டது?

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடுகளும் தரிசு நிலங்களும் பயிரிடப்படாத நிலங்களும் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியன எனக் கொண்டது. உறுதிப்பத்திரமின்றித் தலைமுறை தலைமுறையாகக் காட்டைப் பயன்படுத்திவந்த கிராமத்தவன் அத்துமீறியவனானான். மலைநாட்டுக் காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. அக்காலத்தில் யானையைக் கொல்வோருக்கு அரசாங்கமே சன்மானம் வழங்கியது. 1859 இல் வெளிவந்த தமது நூலில் எமர்சன் ரெனன்ற் தரும் கணக்கின்படி, 1848 க்கு முந்திய மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில் வட மாகாணத்தில் மட்டும் 3,500 க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன. (அன்றைய வட மாகாணத்துள் நுவரகலாவியவும் அடங்கியிருந்தமை மனங்கொள்ளத்தக்கது.) மேஜர் றொஜர்ஸ் என்ற அதிகாரி 1,400 யானைகள்வரை சுட்டவர் எனப்படுகிறார். 1845 இல் அவர் மின்னல் தாக்கி மாண்டார். அவரது கல்லறைமீதும் மின்னல் விழுந்ததென்பது மலைநாட்டில் வழங்கும் கதை. ஏட்டில் இடம்பெறாத தீர்ப்புகளை மக்கள் இவ்வாறுதான் பதிவுசெய்கின்றனர் போலும்.

இவ்வழிவின் பின்னரே 1894 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றுகிறது. தோட்டத்துரைமாரும் அதிகாரிகளுமே அதன் முன்னோடிகள். விலங்குகள் அருகிவிட்டால் வேட்டை விளையாட்டும் அழிந்துவிடும் என்பதே அவர்களை ஒன்றுசேர்த்த அச்சம். யால பகுதியில் ஒதுக்கங்கள் வகுக்கப்பட்டபோது, இத்தீவில் வதியும் வேட்டைப் பிரியருக்கெனவே ஒரு பகுதி விடப்பட்டமை இதனைத் தெளிவாக்கும். அனுமதிப்பத்திரத்துடன் சுட்டவர் கனவான். இறைச்சிக்காகச் சுட்டவன் கள்ள வேட்டைக்காரன். விலங்குக்கு இரண்டும் ஒன்றே.

இவ்வுறவின் உட்புறத்தை அரசாங்க அறிக்கைகளிலும் பார்க்க இலக்கியமே நன்கு காட்டுகிறது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ப், 1913 இல் வெளியிட்ட ‘காட்டிலுள்ள கிராமம்’ என்ற நாவலில் சிலிந்து என்னும் வேட்டைக்காரனைப் படைத்தார். சேனை வெட்டுவதற்கான அனுமதி அவனுக்குக் கிடைப்பதும் மறுக்கப்படுவதும் ஊர்த்தலைவனின் கையிலிருக்கிறது. காட்டைக் காப்பதற்கென எழுந்த விதி, கிராமத்துள் நுழைந்ததும் அதிகாரமுடையோனின் ஆயுதமாகிவிடுகிறது. தாமே செயற்படுத்திய ஒழுங்குவிதிகளை, ஆளப்பட்டவனின் கண்கொண்டு நோக்க வூல்ப் முயன்றிருக்கிறார். அவருடைய பார்வைக்கு எல்லைகள் உண்டு. அதனை இங்கு விரிக்க இடமில்லை.

சுதந்திரத்திற்குப் பின் இப்பிரச்சினை புதிய வடிவம் பெற்றது. 1970 களின் தொடக்கத்தில், கொஸ்கம ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காகச் சிங்கராஜ வனத்தில் இயந்திரங்கொண்டு மரம் வெட்டும் பணி ஆரம்பமாயிற்று. இடதுசாரிக் கட்சிகளும் பங்குகொண்ட அரசாங்கமே அப்போது பதவியிலிருந்தது. அரச கூட்டுத்தாபனம் வெட்டினால் அது மக்களுக்காகவே என்ற எளிய சமன்பாடு நம்மவரிடையே நிலவியதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். எதிர்ப்பின் முன்னணியில் நின்றது 1894 ஆம் ஆண்டுச் சங்கத்தின் வழிவந்த அமைப்பே. அதன் அன்றைய தலைவர் திலோ ஹொப்மன், கொழும்பு வணிக நிறுவனமொன்றில் உயர்பதவி வகித்த சுவிஸ் நாட்டவர். அவரது வர்க்க நிலை பற்றி எழுதுவது எளிது. ஆனால் காடு பற்றிய கணிப்பில் அவர் சரியாகவும் நாம் தவறாகவும் இருந்தோம். 1970 களின் பிற்பகுதியில் மரம் வெட்டல் நிறுத்தப்பட்டது. 1988 இல் சிங்கராஜ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. எனினும் கித்துள் சீவியும் பிரம்பு வெட்டியும் அதன் ஓரங்களில் வாழ்ந்தோர், எதிர்ப்பின்போதும் பின்னர் எல்லைகள் வகுக்கப்பட்டபோதும், முடிவெடுப்போராய் இருந்தாரல்லர்.

இவ்விடைவெளியின் விலையை யானைப் பிரச்சினையிற் காணலாம். 2023 இல் இலங்கையில் 400 க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன; 150 க்கு மேற்பட்ட மனிதர் இம்மோதலில் மடிந்தனர். நெடுங்காலமாக மின்வேலிகள் பல, வனவிலங்குத் திணைக்களக் காடும் வனத் திணைக்களக் காடும் சந்திக்கும் நிர்வாக எல்லைகளில் இடப்பட்டன. இரு காடுகளிலும் யானைகள் உள்ளன. எல்லைக்கோடு கந்தோர்ப் படத்தில் மட்டுமே உண்டு.

இதற்கு மாறானதொரு முறை குருநாகல் மாவட்டத்தின் கல்கமுவைப் பகுதியில், ஆய்வாளரின் துணையுடன் விவசாயிகளாற் கையாளப்பட்டது. வேலி காட்டைச் சுற்றியன்றி ஊரையும் வயலையும் சுற்றி அமைகிறது. விதைப்புக் காலத்தில் விவசாயிகள் கூடி வயல்வேலியைக் கட்டுகின்றனர், முறைவைத்துப் பராமரிக்கின்றனர். 2020 இல் ஜனாதிபதி குழுவொன்று தயாரித்த தேசிய செயற்றிட்டமும் இம்முறையையே பரிந்துரைத்தது. அறுவடை முடிந்ததும் கம்பியைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிடுகின்றனர். அதன்பின் அடுத்த விதைப்புவரை, வயலில் எஞ்சிய அரிதாளை மேய யானைகள் இறங்குகின்றன.