ஒலியளவுச் சமன்செய்தலும் வீச்சு ஒடுக்கமும்

டிஜிட்டல் இசைப்பானில் பாட்டுக்குப் பாட்டு மாறும் சத்தத்தை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது ஒலியளவுச் சமன்செய்தல். ஒரு பாட்டுக்குள்ளேயே மெல்லொலிக்கும் பேரொலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது வீச்சு ஒடுக்கம், அதாவது கம்ப்ரஷன். 2001இல் முன்மொழியப்பட்ட ரீப்ளேகெயின் என்னும் முறை இவற்றில் முதல் வகையைச் சேர்ந்தது: பாட்டு முழுமைக்கும் ஒரே டெசிபல் திருத்தம், உள்ளிருக்கும் ஏற்ற இறக்கம் குலையாது. ஆவடியிலிருந்து அம்பத்தூர் வழியாகச் செல்லும் மின்சார ரயிலில் இது மட்டும் போதாது. 1980களின் திரைப்பாட்டில் வீணையின் மெல்லிய மீட்டல் தடதடப்பில் அமுங்கிவிடும். அதற்காகச் சத்தத்தைக் கூட்டினால், வயலின்கள் சேர்ந்தெழும்போது காது கூசும். ஒடுக்கம் தேவைப்படுவது அங்கேதான்.

வரிசை முக்கியம்: முதலில் சமன்செய்தல், பிறகு ஒடுக்கம். ஒடுக்கி வேலைசெய்யத் தொடங்கும் வரம்பு நிலையானது. வரிசையை மாற்றினால், சத்தமாகப் பதிவான புதுப்பாட்டு நசுங்கும். பழையது வரம்பையே தொடாமல் போகலாம். உச்சங்கள் வெட்டுப்படாதிருக்கக் கடைசியில் ஒரு லிமிட்டர். அமைதியான அறையில் ஒடுக்கத்தை அணைத்துவிடலாம்.